கோகிலவாணிக்குத் திரை போட்டோம்

ஆனி மாதம் பதினேழாம் தேதி, செவ்வாய்க்கிழமை, பிற்பகல் மூன்றேகால் மணிக்கு, ஊஞ்சக்காட்டூர் கம்ப்யூட்டர் ஆபீசில் நான்காவது வரிசை மூன்றாவது நாற்காலியில் உட்கார்ந்திருந்த கோகிலவாணியின் கடைசி இமைப்பு அவள் கண்ணை விட்டுக் கிளம்பி, ஈசலின் ஒற்றைச் சிறகு அளவில் சாம்பல் நிறமாக ஒரு சுற்றுச் சுற்றி, தலைக்கு மேலே ஓடிக்கொண்டிருந்த ஏ.சி.யின் கம்பிச் சட்டத்துக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. அவள் அதைக் கவனிக்கவில்லை. எந்த நாட்டிலோ, எந்தத் தெருவிலோ மழையில் நனைந்துகொண்டிருந்த ஒரு நாயைச் சுற்றி அப்போது கட்டம் போட்டுக்கொண்டிருந்தாள்.

அந்த ஆபீஸ் முன்பு முட்டைக் கிடங்காக இருந்தது. எங்கள் மாரியம்மன் கோயில் நிலத்தில் நின்ற அந்த நீளக் கட்டடத்தை லோகநாதன் வாடகைக்கு எடுத்து, சுண்ணாம்பு அடித்து, வாசம் போவதற்கு மூன்று மாதம் ஊதுவத்தி கொளுத்தி, நூற்று நாற்பது கம்ப்யூட்டர்களை வரிசையாக வைத்தார். வெளிநாட்டிலிருந்து படங்கள் வரும், படத்தில் நாய் இருந்தால் நாயைச் சுற்றி, குடை இருந்தால் குடையைச் சுற்றி, குறுக்கே ஓடும் பிள்ளை இருந்தால் பிள்ளையைச் சுற்றி எங்கள் ஊர்ப் பெண்கள் கட்டம் போட வேண்டும், அதைப் பார்த்துத்தான் டிரைவர் இல்லாத கார்கள் உலகத்தைப் படித்துக்கொள்ளும் என்று லோகநாதன் சொன்னார். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. கட்டம் போடும் கை பதினைந்து விநாடி நின்றால் மானிட்டரின் மூலையில் இருக்கும் பச்சைப் பொட்டு மஞ்சளாகும், முப்பது விநாடி நின்றால் சிவப்பாகும், சிவப்பானால் லோகநாதன் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று தொண்டையைக் கனைப்பார். கிழக்குப் பக்கம் ஆறு பெரிய சன்னல்கள் இருந்தன. காலை வெயில் மானிட்டரில் அடித்துக் கூசுகிறதென்று ஆறுக்கும் கறுப்புத் தாள் ஒட்டிவிட்டார்கள். ஆகவே காலை ஒன்பது மணி முதல் மாலை ஆறு மணி வரை அந்தப் பெண்கள் பார்த்ததெல்லாம் ஒரு முழத் தூரத்துக்குள்தான்.

கண் எரிச்சல் எல்லோருக்கும் இருந்தது. மண் விழுந்த மாதிரி உறுத்துகிறது என்றார்கள், புருவத்துக்கு மேலே வலிக்கிறது என்றார்கள், சாயங்காலம் வெளியே வந்தால் பஸ் போர்டு இரண்டாகத் தெரிகிறது என்றார்கள், கண்ணைக் கசக்கிவிட்டு மறுநாள் மறுபடியும் போனார்கள். சாதாரணமாக நிமிடத்துக்குப் பதினைந்து தரம் இமைக்கும் கண், அந்த மானிட்டருக்கு முன்னால் நான்கு தரமோ ஐந்து தரமோதான் இமைத்தது. மிச்சமிருந்த பத்து இமைப்புகளும் எவ்வளவு நேரந்தான் வேலையில்லாமல் காத்திருக்கும்? ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போய்விட்டன.

ஏ.சி. சரியாகக் குளிரவில்லை என்று போன மாசியிலேயே மெக்கானிக்கை வரவழைத்தார்கள். அவர் ஏணி போட்டு ஏறி, சட்டத்தைக் கழற்றி, உள்ளே கையை விட்டு ஒரு பிடி அள்ளி விளக்கு வெளிச்சத்தில் பார்த்தார்.

“ஒண்ணுமில்லீங்க, இமைப்புதான். ரெண்டு வருசமா எல்லா ஆபீஸ்லயும் இதே தொந்தரவு. ஒரு பேங்க்ல போன மாசம் ரெண்டு சாக்கு இருந்துச்சுங்க” என்றார்.

“அள்ளி வெளிய கொட்டீருங்க” என்றார் லோகநாதன்.

“கொட்டக் கூடாதுங்க. ரோட்ல போறவன் கண்ணுல ஒட்டிக்கும். அவன் சும்மா சும்மா கண்ணச் சிமிட்டுவான், எதுக்க வர்ற பொம்பளைங்க செருப்பக் கழட்டுவாங்க. உள்ளயே கெடக்கட்டும், ஃபேன் வேகத்த ஏத்தி வெச்சுக்குங்க.”

அப்படியே ஏற்றி வைத்தார்கள். அந்தக் காற்று நேராகக் கோகிலவாணியின் முகத்தில் அடித்தது. அவளுக்கு முப்பத்திரண்டு வயது, புருசன் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியோடு வடக்கே போய்விட்டு ஆறு மாதத்துக்கு ஒருமுறை வருகிறவன், வீட்டில் தன்ஷிகா என்று ஒன்றாம் வகுப்புப் படிக்கும் பெண். அந்த நூற்று நாற்பது பேரில் பொட்டு மஞ்சளாகாமல் வேலை செய்தவள் கோகிலவாணி ஒருத்திதான். அவளுடைய இமைப்புகள் முதலில் தீர்ந்துபோனதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

முதலில் கண்டுபிடித்தவள் பக்கத்து நாற்காலி ஜெரினா. “ஏம்புள்ள, எதுக்கு என்னய இப்படி முறைக்கற? நான் என்ன பண்ணுனேன்?” என்று கேட்டாள்.

“நான் எங்க முறைச்சேன்?”

“கண்ணச் சிமிட்டு, பாக்கலாம்.”

கோகிலவாணி சிமிட்டிப் பார்த்தாள். சிமிட்டுவதற்கு ஒன்றும் இல்லை. கையால் இமையை இழுத்துவிட்டால் வந்தது, விட்டால் மேலே போய்விட்டது. ஜெரினா கொஞ்ச நேரம் யோசித்து, “சரி, டீ வந்துருச்சு, வா” என்றாள். எங்கள் ஊரில் எதுவும் டீக்குப் பிறகுதான்.

அன்று ராத்திரி அவள் கண்ணைத் திறந்தபடியே படுத்தாள். தன்ஷிகா இரண்டு தரம் எழுந்து, “அம்மா, தூங்கீட்டியா?” என்று கேட்டுவிட்டு, பதில் வராததால் ஈரத்துண்டை அம்மாவின் கண்மேல் போட்டுவிட்டுப் படுத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு தினமும் அதுதான். ராத்திரி ஈரத்துண்டு, காலையில் மருந்துக்கடைச் சொட்டு மருந்து. மூட முடியாத கண்ணில் சொட்டு மருந்து எங்கே நிற்கும்? கன்னத்தில் வழிந்து காதுக்குள் போனது.

இதோடு நின்றிருந்தால் ஒரு பெண்ணின் கண்வலியாகப் போயிருக்கும். ஆனால் வெள்ளிக்கிழமை கோயிலுக்கு வந்தவளைப் பெரியதம்பி பூசாரி பார்த்துவிட்டார். தீபாராதனைத் தட்டை நீட்டிய கை நீட்டியபடி நிற்க, சூடம் எரிந்து அணைந்து தட்டு ஆறிய பிறகும் அவர் அவள் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். மனுசர் இமைப்பார்கள், தேவர்கள் இமைக்க மாட்டார்கள், அதனால்தான் அவர்களுக்கு இமையவர் என்று பெயர், இது எங்கள் ஊரில் பள்ளிக்கூடம் போகாதவனுக்கும் தெரியும். பூசாரி தட்டைக் கீழே வைத்துவிட்டு அவள் காலில் விழுந்தார்.

நாங்கள் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு நம்புகிறவர்கள் இல்லை. முறைப்படி சோதித்துப் பார்த்தோம். தேவர்களின் கால் தரையில் படாது என்பார்களே என்று அவளை நிற்கவைத்து, பாதத்துக்கு அடியில் செய்தித்தாளை நுழைத்துப் பார்த்தோம்; நுழையவில்லை. ஆனால் அவள் நின்றது சிமெண்டுத் தரை, மண்தரை ஆகாது, ஆகவே அது கணக்கில் வராது என்று ரைஸ் மில் முத்துச்சாமி சொன்னதை எல்லோரும் ஏற்றுக்கொண்டோம். தேவர்களின் மாலை வாடாது என்பதால் சாமந்தி மாலை போட்டுப் பார்த்தோம், சாயங்காலமே வாடியது. பூக்காரர் பழைய பூவைத் தலையில் கட்டிவிட்டார் என்று அவரைத்தான் திட்டினோம். வேர்வை வரக்கூடாதே என்றார்கள், ஏ.சி.யில் உட்கார்ந்திருப்பவளுக்கு எப்படி வேர்க்கும்? அது ஒன்று தேறியது. மூன்றில் ஒன்று போதுமென்று கோயில் கமிட்டி முடிவு செய்தது.

அதன் பிறகு ஆபீஸ் வாசலில் வரிசை நின்றது. போரில் தண்ணீர் வருமா என்று கேட்டார்கள், பையன் பாஸாவானா என்று கேட்டார்கள், கோழிக்கு வந்த சீக்கு அடுத்த பண்ணைக்கும் பரவுமா என்று ஒருவர், பரவினால் நல்லது என்கிற முகத்தோடு கேட்டார். அவள் எல்லோரிடமும், “எனக்குத் தெரியாதுங்க, கண்ணு எரியுதுங்க” என்றுதான் சொன்னாள். அந்த வார்த்தைக்கு நாங்கள் நூறு அர்த்தம் கண்டுபிடித்தோம். லோகநாதனுக்கோ பூரிப்பு. இமைப்பதில் போகும் நேரமும் மிச்சமாகி அவள் இரண்டு பேர் வேலையைச் செய்தாள். ஆடிக் கடைசி வரை வேலையைப் பார்த்துவிட்டு ஐந்து வருட ஒப்பந்தம் போடுவதாக வெளிநாட்டுக் கம்பெனி சொல்லியிருந்தது. அவர் அவளுடைய படத்தைப் பெரிய ஃப்ளெக்ஸாக அடித்து வாசலில் கட்டி, “எல்லாரும் கோகிலா மாதிரி ஆகோணும்” என்று மற்ற நூற்று முப்பத்தொன்பது பேரிடமும் சொன்னார். அப்படியே ஆகத் தொடங்கினார்கள். ஆடி பிறந்த வாரத்தில் ஜெரினாவே நிமிடத்துக்கு இரண்டு தரந்தான் இமைத்தாள்.

கோகிலவாணி ஒரு நாள் லீவு போட்டு, ஜெரினாவைக் கூட்டிக்கொண்டு கண் டாக்டரிடம் போனாள். டாக்டரம்மா அவள் தாடையை ஒரு மேடையில் வைத்து, நீல வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

“கண்ணுல தண்ணியே இல்லம்மா. முன்னால இருக்கற கண்ணாடி மாதிரித் தோல் முழுக்கக் கீறல். இன்னும் மூணு வாரம் இப்படியே போனா புண்ணாகி வெள்ளை விழுந்துரும். அப்புறம் பார்வைய யாரும் திருப்பித் தர முடியாது. நீ இமைச்சே ஆகணும்.”

“என்கிட்ட இல்லீங்களே டாக்டர். ஏ.சி.க்குள்ள இருக்குதுங்க.”

“தெரியும். எல்லாருக்கும் அங்கதான் போகுது” என்றார் டாக்டரம்மா, எழுதிக்கொண்டே. “பிடிச்சு இழுத்தா வராது. கிட்டத்துலயே பார்த்துட்டிருக்கற கண்ணுக்கு அது திரும்பாது. இருபது நிமிசத்துக்கு ஒருதரம் வேலைய நிறுத்தி, இருபது அடிக்கு அந்தாண்ட இருக்கறதை இருபது விநாடி பாரு. மானிட்டர் உன் கண்ணுக்குக் கொஞ்சம் கீழ இருக்கணும், காத்து மூஞ்சியில அடிக்கக் கூடாது. ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோ, உன்ன ஒருத்தர் முறைச்சுப் பார்த்துட்டிருந்தாலும் உன்னோடது பயந்து வெளிய வராது.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது கோகிலவாணி ஜன்னலோரம் உட்கார்ந்து வழியெல்லாம் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்தாள். தன்ஷிகா பெரியவளாகி எப்படி இருப்பாள் என்று தனக்குத் தெரியாமலே போய்விடுமோ என்று அவளுக்குப் பயம் வந்தது. அழ வேண்டும் போலிருந்தது, அழுவதற்குத் தண்ணீர் இல்லை. ஜெரினா அவளுக்கும் சேர்த்து அழுதாள்.

மறுநாளே முயன்று பார்த்தாள். இருபது நிமிடம் ஆனதும் தலையைத் திருப்பினாள். எதிரே கறுப்புத் தாள். அதையே பார்த்தாள். பதினைந்தாம் விநாடியில் பொட்டு மஞ்சளானது. லோகநாதன் ஓடி வந்தார். அவள் டாக்டர் சொன்னதையெல்லாம் சொன்னாள். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “டாக்டருக்குச் சாமி விசயம் தெரியுமா அம்மா? ஆடி முடியட்டும், ஒப்பந்தம் கையில வரட்டும், ஒரு வாரம் லீவு தர்றேன்” என்றார். அவர் கெட்டவர் இல்லை. பொட்டு பச்சையாக இருந்தால் உலகம் நன்றாக இருக்கிறது என்று நம்புகிறவர், அவ்வளவுதான்.

ஆடி மூன்றாம் வெள்ளி வந்தது. கமிட்டி அவளுக்காகக் கருவறைக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு நாற்காலி போட்டு உட்காரவைத்தது. சூடப்புகையும் சாம்பிராணிப் புகையும் மூடாத கண்ணில் நேராகப் போய் அடித்தன. அவள் அசையாமல் உட்கார்ந்திருந்தாள், நாங்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டோம். உச்சிவேளையில் பெரியதம்பி பூசாரி வழக்கம்போல மணியடித்து, அம்மனுக்கு முன்னால் மஞ்சள் திரையை இழுத்து மூடினார். கூட்டம் கையைக் கட்டிக்கொண்டு காத்து நின்றது. அப்போதுதான் கோகிலவாணி கேட்டாள்.

“பூசாரி ஐயா, அம்மனுக்கு எதுக்குங்க திரை?”

“அலங்காரம் மாத்தோணும், படையல் வெக்கோணும் ஆத்தா.”

“அதுக்கு மட்டுந்தானுங்களா?”

பூசாரி முப்பது வருசமாகத் திரை போடுகிறவர். இப்படி யாரும் கேட்டதில்லை. அவர் திரையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். “அது மட்டுமில்ல ஆத்தா. விடிஞ்சதுலருந்து அடையற வரைக்கும் இந்த ஊரையே பாத்துட்டிருக்கறா. நம்ம மூஞ்சிகள எத்தன நேரந்தான் பாப்பா? அவளுக்கும் கண்ணு வலிக்கும்ல. அவளுக்கு இமை இல்ல, அதனால நாம திரை போடறோம்” என்றார்.

“எனக்கும் முப்பத்திரண்டு நாளா இமை இல்லீங்க” என்றாள் கோகிலவாணி. குரல் உயரவில்லை, ஆனால் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. “எனக்கு ஏன் யாரும் திரை போடல?”

மாலை போட்டோம், காலில் விழுந்தோம், சூடம் காட்டினோம். இமையில்லாத ஒருத்தியை முப்பத்திரண்டு நாள் திரையில்லாமல் வெயிலிலும் புகையிலும் ஏ.சி. காற்றிலும் உட்காரவைத்திருந்தோம். எவ்வளவு பெரிய குற்றம்! பூசாரி தலையில் அடித்துக்கொண்டார். முத்துச்சாமி, “சாமி குத்தம் ஆகிப்போச்சே” என்று உட்கார்ந்தேவிட்டார்.

“நான் சாமியா மனுசியான்னு எனக்குத் தெரியாதுங்க” என்றாள் அவள் எழுந்து நின்று. “சாமியா இருந்தா எனக்குத் திரை போடுங்க. மனுசியா இருந்தா என்னோட இமைப்ப எடுத்துக் குடுங்க. ரெண்டுக்கும் ஒரே வழிதான் இருக்குது. வாங்க, ஆபீசுக்குப் போலாம்.”

கோயிலிலிருந்து ஊரே கிளம்பியது. மேளக்காரர்கள் என்ன ஏதென்று தெரியாமலே அடித்துக்கொண்டு முன்னால் போனார்கள். வாசலில் கட்டியிருந்த தன் ஃப்ளெக்ஸுக்குக் கீழே நின்று கோகிலவாணி லோகநாதனிடம் ஒவ்வொன்றாகச் சொன்னாள். இருபது நிமிசத்துக்கு ஒருதரம் மணி அடிக்க வேண்டும். மணி அடித்ததும் நூற்று நாற்பது மானிட்டருக்கும் திரை போட வேண்டும். ஆறு சன்னலிலும் கறுப்புத் தாளைக் கிழித்து, வெயிலடிக்கும் காலை நேரத்துக்கு வெள்ளைத் துணி தொங்கவிட வேண்டும். மானிட்டர்களை ஒரு சாண் கீழே இறக்க வேண்டும். ஏ.சி. காற்று யார் முகத்திலும் படாமல் கூரையைப் பார்க்க வேண்டும்.

“உங்க ஒருத்தருக்குன்னா சரி அம்மா. நூத்தி நாப்பது பேருக்கும் எதுக்கு?” என்றார் லோகநாதன்.

“ஜெரினா, இங்க வா. சாரைப் பாரு” என்றாள் கோகிலவாணி. ஜெரினா பார்த்தாள். லோகநாதன் ஒரு நிமிடம் தாக்குப்பிடித்தார். அந்த ஒரு நிமிடத்தில் அவள் ஒரே ஒரு தரந்தான் இமைத்தாள். அவள் கண் ரத்தமாகச் சிவந்திருந்தது. அவளுக்குப் பின்னால் அதே மாதிரி கண்ணோடு நூற்று முப்பத்தெட்டுப் பேர் நின்றார்கள். லோகநாதன் இத்தனை நாளும் அவர்களை நாற்காலிக்குப் பின்னாலிருந்தே பார்த்தவர், முன்னாலிருந்து பார்ப்பது அன்றுதான் முதல் தரம்.

“பொட்டு சிவப்பாகும். ஒப்பந்தம் போயிரும்” என்றார், பாதிக் குரலில்.

“பத்து வேலைநாள் குடுங்க. கட்டம் கொறஞ்சா நான் மறுபடியும் இமைக்காம உக்காந்து உங்களுக்குப் போட்டுக் குடுக்கறேன். கண்ணு போற வரைக்கும் போடறேன்.”

கூட்டம் முணுமுணுத்தது. கட்டடம் கோயில் நிலத்தில் நிற்கிறது என்பதைப் பூசாரி அந்த நேரம் பார்த்து ஞாபகப்படுத்தினார்.

சனி, ஞாயிறு இரண்டு நாளில் எங்கள் ஊர் டெய்லர்கள் மூன்று பேரும் சேர்ந்து நூற்று நாற்பது மஞ்சள் திரை தைத்தார்கள். தாளைக் கிழித்தபோது கிழக்கே கொல்லிமலை நின்றது, ஒரு தாளுக்கு அந்தப் பக்கம் இத்தனை வருசமும் நின்றிருக்கிறது. திங்கட்கிழமை காலை ஒன்பது இருபதுக்குப் பெரியதம்பி பூசாரி மணியை எடுத்து அடித்தார். நூற்று நாற்பது திரைகள் விழுந்தன, சன்னல் துணிகள் ஒதுங்கின, நூற்று நாற்பது பேர் எழுந்து சன்னல் பக்கம் திரும்பினார்கள். மலைமேல் ஏறும் பஸ் கடுகளவில் தெரிந்தது. அது ஒரு வளைவு திரும்பி முடிக்கும் வரை பார்ப்பது என்று வைத்துக்கொண்டார்கள், பஸ் இல்லாத நேரத்தில் இருபது வரை எண்ணிக்கொண்டார்கள். பிறகு உட்கார்ந்தார்கள். ஒன்பது நாற்பதுக்கு மறுபடியும் மணி. இப்படியே காலை முழுக்க, மதியம் முழுக்க, மாலை வரைக்கும், விழுந்தது திரை, எழுந்தார்கள், பார்த்தார்கள், உட்கார்ந்தார்கள்.

முதல் நாள் பொட்டுகள் மஞ்சளும் சிவப்புமாக மின்னின. லோகநாதன் மத்தியானம் சாப்பிடவில்லை. இரண்டாம் நாள் வெளிநாட்டிலிருந்து, ஊஞ்சக்காட்டூரில் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை என்ன நடக்கிறது என்று கடிதம் வந்தது. திரை போடுகிறோம் என்று பதில் எழுதினார். மூன்றாம் நாள் பத்து இருபது மணிக்கு, எல்லோரும் மலையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, ஏ.சி. சட்டத்திலிருந்து ஒரு இமைப்பு எட்டிப் பார்த்தது, பறந்து வந்து ஜெரினாவின் வலது கண்ணில் உட்கார்ந்தது. அவள் இமைத்தாள். “வந்துருச்சு புள்ள!” என்று கத்தினாள். அதற்குப் பிறகு அவை ஒவ்வொன்றாக, பிறகு பத்துப் பத்தாக வந்தன, எது யாருடையது என்று குழப்பமே இல்லாமல் அதது தன் கண்ணுக்குப் போய்ச் சேர்ந்தது. தலைவலி போயிற்று, உறுத்தல் போயிற்று, பஸ் போர்டு ஒன்றாகத் தெரிந்தது. ஆட்டை நாய் என்றும், மடக்கிய குடையைப் பாட்டில் என்றும் போட்டுக்கொண்டிருந்த கட்டங்கள் சரியாக விழ ஆரம்பித்தன.

எல்லோருக்கும் வந்தது. கோகிலவாணிக்கு மட்டும் வரவில்லை. நான்காம் நாள் வரவில்லை, ஐந்தாம் நாள் வரவில்லை. ஏழாம் நாள் இடது கண்ணில் பஞ்சு ஒட்டிய மாதிரி ஒரு மறைப்பு வந்தது. அவள் யாரிடமும் சொல்லாமல், மணி அடிக்கும்போதெல்லாம் முதல் ஆளாக எழுந்து நின்றாள். அவளுக்கு என்ன ஆகிறதென்று நாங்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம். சன்னலுக்கு வெளியே மதில்மேல் ஏறி, வேலியில் தொங்கி, ஊரே அவள் கண்ணை முறைத்துக்கொண்டிருந்தது. ஒன்பதாம் நாள் சாயங்காலம் ஜெரினாவுக்குத்தான் பொறி தட்டியது. வெளியே ஓடி வந்து எங்களைத் திட்டினாள். அவள் அதுவரை யாரையும் அப்படித் திட்டி நாங்கள் கேட்டதில்லை.

“ஒருத்தர் முறைச்சாலும் வராதுன்னு டாக்டர் சொன்னாங்க. ஊரே வந்து முறைச்சா எங்கருந்து வரும்? சாமி சாமின்னு அவளப் பாத்தது போதும். திரும்பி மலையப் பாருங்க!”

பத்தாம் நாள், வியாழக்கிழமை, மழை பெய்து ஓய்ந்த மாலை நான்கு மணிக்கு மணி அடித்தது. உள்ளே திரைகள் விழுந்தன. வெளியே நாங்கள், பூசாரியும் முத்துச்சாமியும் பூக்காரரும் மூன்று டெய்லர்களும் பள்ளிக்கூடம் விட்டு வந்த பிள்ளைகளும், அத்தனை பேரும் அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு மலையைப் பார்த்தோம். மலை கழுவிவிட்ட மாதிரி இருந்தது. ஒவ்வொரு மரமும் தனித்தனியாகத் தெரிந்தது. எங்களுக்கே கண் குளிர்ந்தது. பக்கத்திலேயே இருந்தும் நாங்களும் அதை நிமிர்ந்து பார்த்து எத்தனையோ நாளாகியிருந்தது. பதினெட்டு, பத்தொன்பது, இருபது என்று எண்ணி முடித்தோம், யாரும் திரும்பவில்லை. பின்னால் மழைக்கால ஈசல் கூட்டம் கிளம்புவது போல ஒரு சத்தம் கேட்டது. அப்போதும் திரும்பவில்லை. எங்களுக்கு முன்னால் திரும்பிவிட்ட தன்ஷிகாவின் குரல் கேட்ட பிறகுதான் திரும்பினோம்.

“அம்மா அழுவறாங்க!”

அழுதுகொண்டிருந்தாள். இமைத்தாள், தண்ணீர் வந்தது, மறுபடி இமைத்தாள், மறுபடி வந்தது. நாற்பத்தைந்து நாள் இமைப்பும் ஒரே சமயத்தில் வந்து நெருக்கியடித்ததால் கண் படபடவென்று அடித்துக்கொண்டது, அவள் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுது, சிரித்து, இடது கண்ணின் மறைப்பு கரைந்து வழிய, “தெரியுது, தெரியுது” என்றாள். நூற்று முப்பத்தொன்பது பெண்களும் மேசையைத் தட்டி அவள் இமைப்பை எண்ணினார்கள். மேளம் அடித்தார்கள், இந்த முறை எதற்கென்று தெரிந்தே அடித்தார்கள். லோகநாதன் கையில் ஒரு தாளோடு ஓடி வந்தார், ஐந்து வருடம், கட்டம் குறையவில்லை, கடைசி ஒரு வாரமாக ஒரு பிழை கூட இல்லாத ஒரே ஆபீஸ் என்று எழுதியிருக்கிறார்கள் என்றார். ஃப்ளெக்ஸை அவரே ஏறி அவிழ்த்தார்.

பெரியதம்பி பூசாரி சன்னலுக்குப் பக்கத்தில் வந்தார். ஒரு சாமி கை நழுவிப் போவதைப் பார்த்துக்கொண்டு நிற்பது பூசாரிக்குச் சுலபமில்லை. “ஆத்தா, சாமி போயிருச்சுங்களா?” என்று கேட்டார்.

“போயிருச்சுங்க” என்றாள் கோகிலவாணி, மூக்கைச் சிந்திக்கொண்டு. “சாமியா இருக்கறது கண்ணு எரியற வேலைங்க.”

பூசாரி கொஞ்சம் யோசித்தார். “அப்ப அம்மனுக்கும் இனிமே ஒருதரம் கூடவே திரை போட்டரலாம்” என்று சொல்லிவிட்டு மணியோடு கோயிலுக்குப் போனார்.

அன்று மாலை அவள் தன்ஷிகாவை மடியில் வைத்துக்கொண்டு மினி பஸ்ஸில் ஏறினாள். வீடு நான்காவது நிறுத்தம். பஸ் கிளம்பி முதல் நிறுத்தம் வருவதற்குள் அவள் கண் மூடிக்கொண்டது, தலை கம்பியில் சாய்ந்தது, மூச்சு நீளமாக வந்தது. கண்டக்டர் விசிலை வாயருகே கொண்டுபோனவர் அப்படியே கீழே இறக்கிவிட்டு, டிரைவரின் தோளில் தட்டி ஜாடை காட்டினார். டிரைவர் ஹார்னிலிருந்து கையை எடுத்தார். பாட்டை நிறுத்தினார்கள். நான்காவது நிறுத்தம் வந்தது, போனது. இறங்க வேண்டியவர்கள் இறங்கவில்லை, சத்தம் வந்துவிடுமென்று எழுந்திருக்கவே இல்லை. பால் கேனோடு வந்தவரும், கைக்குழந்தையோடு வந்தவளும், அத்தனை பேரும் மூச்சை அடக்கி உட்கார்ந்திருக்க, எங்கள் ஊர் மினி பஸ் தன் வாழ்க்கையில் முதல் தரமாக ஹார்ன் அடிக்காமல் கடைசி ஊரான வேட்டாம்பாறை வரை போய், திரும்பி, மறுபடியும் ஊஞ்சக்காட்டூர் வந்து, மறுபடியும் திரும்பியது.

மூன்றாம் நடையில் வேட்டாம்பாறை ஆலமரத்தடியில் அவள் கண் விழித்தாள். பஸ் நிறைய ஆட்கள் தன்னையே பார்ப்பதைக் கண்டு திடுக்கிட்டு இமைத்தாள்.

“நல்லாத் தூங்குனீங்களா அக்கா?” என்று கண்டக்டர் கேட்டார்.

“கண்ண மூடுனேன் தம்பி” என்றாள் கோகிலவாணி, இதுவரை யாரும் பார்த்திராத ஓர் ஊருக்குப் போய்வந்தவள் போல, முகமெல்லாம் சிரிப்போடு. “எவ்வளவு இருட்டா இருந்துச்சு தெரியுமா!”